குதி உயரத்தை எங்கள் கால்களுக்கே விட்டுவிடுங்கள்

பினாங்கு விடுதி, கடை முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களே, மேலாளர்களே, மேற்பார்வையாளர்களே,

ஜார்ஜ்டவுனிலும் குர்னி டிரைவிலும் பத்து ஃபிரிங்கியிலும் நீங்கள் விடுதி நடத்துகிறீர்கள். பேரங்காடிகளில் அழகுப்பொருள் முகப்பும் கைக்கடிகாரக் கடையும் நகைக்கடையும் வைத்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் ஊழியர்களுக்குக் கொடுக்கும் விதிப்புத்தகத்தில் பெண்களுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. சப்பாத்து கறுப்பாக இருக்க வேண்டும், விரல் தெரியக் கூடாது, குதி இத்தனை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. புத்தகத்தில் எழுதாதவர்கள் வாயால் சொல்லிவிடுகிறீர்கள். அந்தக் குதி உயரத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதுகிறேன். ஏன் எடுக்க வேண்டும், எடுத்தால் மட்டும் ஏன் போதாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நான் விடுதி வரவேற்பு முகப்பில் நிற்கிறவள். படிப்பை முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தேன். வந்த நாள்முதல் குதி உயர்ந்த சப்பாத்துதான். அண்மையில் வேலை மாறிய இடத்தில் குதியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் முதல் முறையாகத் தட்டைச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு நின்றேன். நின்ற பிறகு எனக்குப் புரிந்தவை உங்கள் கூட்டங்களில் பேசப்படாதவை. கால்வலியை யாரும் மேலிடத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்வதில்லை. சொன்னால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம் ஒவ்வொருத்திக்கும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு விடுதியில், மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போன பெண்ணை முகப்பிலிருந்து எடுத்துப் பின்கட்டு அலுவலகத்தில் போட்டார்கள். அவள் கேட்டது வேறு சப்பாத்து. கிடைத்தது வேறு வேலை.

நீங்கள் எங்களைப் பார்ப்பது முகப்பின் முன்பக்கத்திலிருந்து. ஒரு நாள் பின்பக்கம் வந்து நின்று பாருங்கள். வரிசை கொஞ்சம் குறைந்தவுடன் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் பாதத்தை மற்றக் காலின் கெண்டையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்போம். முகப்பு நெஞ்சுயரம் இருப்பதால் வெளியே தெரியாது. யாராவது வரும் சத்தம் கேட்டால், கீழே குனியாமலே விரலால் துழாவிச் சப்பாத்தைக் கண்டுபிடித்து நுழைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். எங்கள் லாக்கரைத் திறந்தால் கோடாலித் தைலம் இருக்கும், பிளாஸ்டர் பெட்டி இருக்கும், பஞ்சு இருக்கும். பஞ்சு எதற்கென்றால், கூர்மையான முன்பாகத்துக்குள் விரல்கள் நெருங்கி ஒன்றையொன்று அறுக்காமல் இருக்க இடையில் செருகிக்கொள்வதற்கு. சுண்டுவிரல் நகம் கறுத்துப் போயிருப்பதை மறைக்க நகப்பூச்சு. குதியின் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் துண்டு சில வாரங்களில் தேய்ந்து, உள்ளேயிருக்கும் ஆணி மார்பிளில் இடிக்கத் தொடங்கும். அந்த ஆணி மழைநாளில் ஈரத்தரையில் எப்படி வழுக்கும் என்பது உங்கள் துப்புரவுப் பணியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள்தாம்.

இதைச் சொன்னால் உங்களில் பலர் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே. தட்டைச் சப்பாத்துப் போடலாம் என்று சொல்லியும் பார்த்தோம். இரண்டு நாள் போட்டுவிட்டு அவர்களே திரும்பக் குதிச் சப்பாத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது." இந்தப் பதிலில் பொய் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அவர்கள் திரும்பிப் போனதற்குக் காரணம் பிடித்தம் அல்ல. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

தட்டைச் சப்பாத்துப் போட்ட முதல் நாள் எனக்குச் சுகமாக இருக்கவில்லை. காலையில் ஏதோ லேசாக இருப்பதுபோல் தெரிந்தது. மதியத்துக்குள் கெண்டைக்கால் இறுகிவிட்டது. பின்னங்காலில் கயிறு கட்டிக் கீழே இழுப்பதுபோல் ஒரு வலி. மின்தூக்கி வரை நடந்தால் உடம்பு பின்பக்கம் சாய்கிறது. நின்றால் முட்டி எங்கே மடங்க வேண்டும் என்றே தெரியவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த விருந்தினருக்கு வழிகாட்டத் திரும்பியபோது தடுமாறி முகப்பைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பழைய குதிச் சப்பாத்தைக் காலில் மாட்டிப் பார்த்தேன். வலி சட்டென்று அடங்கியது. அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் தன் காலுக்குக் குதிதான் ஒத்துவருகிறது என்றே நினைப்பாள்.

வலி அடங்கியதற்குக் காரணம் வேறு. அதை ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ராபர்ட் சாப்போ, மார்க்கோ நரிச்சி ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைந்தது 5 சென்டிமீட்டர் குதியை ஆண்டுக்கணக்கில், வாரத்தின் பெரும்பகுதி அணிந்த பெண்களின் கெண்டைக்கால் தசையைப் படம்பிடித்து, தட்டைச் சப்பாத்து அணியும் பெண்களுடையதோடு ஒப்பிட்டார்கள். குதி அணிந்தவர்களின் தசையிழைகள் 10 சதவீதத்துக்கும் அதிகமாகக் குறுகியிருந்தன. குதிகாலையும் தசையையும் இணைக்கும் நாண் தடித்து விறைத்திருந்தது. குதிகால் எந்நேரமும் மேலே தூக்கியபடியே இருந்தால் தசைக்கு முழு நீளம் தேவைப்படுவதில்லை. அது தன்னைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு ஒருநாள் தரையோடு தரையாக நிற்கும்போது, குறுகிப்போன தசையை இழுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. அந்த இழுப்புத்தான் எனக்கு முதல் நாள் வந்த வலி.

ஆகவே இரண்டு நாள் போட்டுப் பார்த்துத் திரும்பிப் போன உங்கள் ஊழியர்களை விருப்பத்தின் பேரில் போனவர்கள் என்று கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் விதி அவர்கள் காலைத் தனக்கேற்ப மாற்றிவிட்டது. மாறிய அந்தக் கால் இப்போது விதிக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

எனக்கு வழி சொன்னவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஒரேயடியாகத் தட்டைக்கு இறங்க வேண்டாம் என்றார். முதலில் குதியைப் பாதியாகக் குறைத்துச் சில வாரம். பிறகு ஷிப்டில் பாதி நேரம் தட்டை, மீதி நேரம் தாழ்ந்த குதி. காலையிலும் இரவிலும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்க வேண்டும். செய்தேன். முதலில் இழுத்தது, பிறகு குறைந்தது, பிறகு ஒருநாள் வேலை முடிந்து ஃபெரித் துறைக்கு நடந்தபோது வலியைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். வேலை முடிந்த களைப்பு இருந்தது. அது வேலையின் களைப்பு. அதைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது.

கெண்டையோடு விஷயம் முடிந்துவிட்டால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். குதி உயர உயர உடம்பின் எடை பாதத்தின் முன்பக்கம் சாய்கிறது. பெருவிரல் உள்ளே மடங்கி, அதன் அடி எலும்பு வெளியே புடைப்பது இப்படி நெருக்கும் சப்பாத்தால் மோசமாகிறது. முட்டி இன்னும் முக்கியம். 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் கேசி கெரிகனும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, உயர்ந்த குதியோடு நடக்கும்போது முட்டியில் விழும் முறுக்கு விசை வெறுங்காலோடு நடப்பதைவிட ஏறக்குறைய 23 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. முட்டித் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது ஊரறிந்த செய்தி. நம் வீட்டு அம்மாக்கள் ஐம்பது வயதுக்கு மேல் மாடிப்படியில் பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணங்கள் பல. அந்தப் பலவற்றோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எடுத்தால் மட்டும் போதாது என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு ஒரு சின்ன எடுத்துக்காட்டு, எங்கள் சீருடையின் விளிம்பு. நீங்கள் தைத்துக் கொடுக்கும் கெபாயாப் பாவாடையும் சேலையும் காற்சட்டையும் குதியின் உயரத்தைச் சேர்த்து அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. தட்டைச் சப்பாத்துப் போட்ட அன்று என் காற்சட்டையின் விளிம்பு தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. சப்பாத்துக்கு அடியில் மாட்டி ஒருமுறை விழப்பார்த்தேன். ஊசிநூல் எடுத்து நானே மடித்துத் தைத்தேன். பழைய விடுதியில் என் தோழி ஒருத்தி இப்படித் தைத்ததற்குச் சீருடையைச் சேதப்படுத்தினாள் என்று எச்சரிக்கை வாங்கினாள். அனுமதி இருக்கிறது, ஆனால் சீருடையை மாற்றக் கூடாது என்றால் அந்த அனுமதியை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது?

இன்னொன்று, தட்டை என்று பெயர் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாசார் மாலாமில் கிடைக்கும் காகிதம்போல் மெல்லிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கல் தரையில் நாள் முழுக்க நின்றால் குதிகால் வலி வேறு வடிவில் வரும். பாதத்தின் வளைவைத் தாங்கும் உள்ளடி வேண்டும், விரல் அசைய இடம் வேண்டும், பின்பக்கம் குதிகாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அடி வழுக்கக் கூடாது. சிலருக்கு முழுத் தட்டையைவிடத் தாழ்ந்த, அகலமான குதி நன்றாக ஒத்துவரும். அவர்களையும் விட்டுவிடுங்கள். குதியை விரும்பி அணியும் பெண்ணிடமிருந்து அதைப் பிடுங்கச் சொல்லவும் நான் வரவில்லை. அவளுடைய கால், அவளுடைய தீர்மானம்.

இந்தத் தீவின் மறுகோடியைப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-லிருந்து இயங்கி வருகிறது. நம் அக்காமாரும் அத்தைமாரும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். சில்லு செய்யும் இடத்தில் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்திவிடும் தட்டைச் சப்பாத்துப் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். அதைத் தொழிற்சாலையே கொடுக்கிறது, அளவு பார்த்துக் கொடுக்கிறது. ஒரு சில்லு கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக இத்தனை ஏற்பாடு. பாலத்தைக் கடந்து வரும் அதே பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரும் பெண் வரவேற்பு முகப்பில் நிற்கப் போகிறாள். அவள் தன் சம்பளத்திலிருந்து வெள்ளி எடுத்து, தன் காலைக் கெடுக்கும் சப்பாத்தைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். தொழிற்சாலைக்காரர் சில்லுக்குச் செய்வதை நீங்கள் முட்டிக்குச் செய்யலாமே.

சப்பாத்து வடிவமைப்பாளர் ஜிம்மி சூ பிறந்த ஊர் இது, குதி எங்கள் பெருமை என்று ஒரு மேலாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பெருமைதான், எனக்கும்தான். 1948-ல் இந்த ஊரில் சப்பாத்துத் தைக்கும் குடும்பத்தில் பிறந்து, பதினொரு வயதில் தன் முதல் சப்பாத்தைச் செய்தவர் அவர். லெபோ முன்ட்ரியில் அவர் தொழில் பழகியதைச் சொல்லும் இரும்புக் கம்பிச் சித்திரத்தைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிலின் முதல் பாடம் என்ன? காலை அளப்பது. ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இருக்கும் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஒருத்தியின் காலுக்கென்று அச்சு செய்து, அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பது. ஒரு மாலை விருந்துக்கு ஒரு சீமாட்டி போட்டுக்கொண்டு போய், காரில் ஏறியதும் கழற்றிவிடும் சப்பாத்து அது. எட்டு மணி நேரம் கல் தரையில் நிற்பதற்கு அவர் அதைச் செய்யவில்லை. எத்தனையோ விதமான கால்களுக்கு ஒரே உயரத்தை எழுதி ஒட்டுவது சப்பாத்துத் தொழிலாளியின் மரபுக்கே எதிரானது.

விருந்தினர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது நீங்கள் சொல்லும் அடுத்த காரணம். விருந்தினர்களோடு நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் நாங்கள். 2008-ல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்த பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் நடந்து பார்க்க வருகிறார்கள். லெபோ ஆர்மேனியனிலும் லெபோ சூலியாவிலும் அஞ்சடி ஒவ்வொரு கடைக்கும் ஏறி இறங்கும். ஓரிடத்தில் பூத்தரை, அடுத்த கடையில் சிமெண்டு, அதற்கடுத்து மூன்று படி. குதிச் சப்பாத்தோடு அங்கே நடக்க முடியாது என்று அவர்களுக்கே நாங்கள்தான் சொல்லி அனுப்புகிறோம். மாலையில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து முகப்பில் நிற்கும்போது அவர்கள் கேட்பது அறைச் சாவி, நல்ல சார் குவே தியோ கடை, அடுத்த நாள் கொடிமலை ரயிலுக்குப் போகும் நேரம். நாங்கள் என்ன சப்பாத்துப் போட்டிருக்கிறோம் என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. முகப்பு மறைத்துக்கொண்டிருக்கிறது.

எங்களுக்குப் பலம் போதாது என்றும் எண்ண வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளைப் பால்குடம் தூக்கி வெறுங்காலோடு ஏறுகிற பெண்கள்தான் மறுநாள் உங்கள் முகப்பில் நிற்கிறார்கள்.

உலகில் வேறெங்கும் நடக்காத ஒன்றைக் கேட்கிறேனா என்றால், இல்லை. 2015 டிசம்பரில் லண்டனில் நிகோலா தோர்ப் என்ற தற்காலிக வரவேற்பாளர், தட்டைச் சப்பாத்தோடு வந்தார் என்பதற்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, 2017 மார்ச்சில் பிரிட்டன் நாடாளுமன்றமே அதை விவாதித்தது. புதுச் சட்டம் தேவையில்லை என்று அரசு சொல்லிவிட்டது. அதே ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம், வேலையிடத்தில் குதிச் சப்பாத்தைக் கட்டாயமாக்குவதைத் தடுத்தது. ஜப்பானில் 2019-ல் இந்தக் கட்டாயத்தை எதிர்த்து யூமி இஷிகாவா நடத்திய இயக்கத்துக்கு அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சர் ஆதரவாகப் பேசவில்லை. ஆனாலும் 2020 ஏப்ரலிலிருந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பெண் பணியாளர்களைத் தட்டைச் சப்பாத்து அணிய அனுமதித்தது. பயணிகள் யாரும் விமானத்தைவிட்டு இறங்கிப் போய்விடவில்லை.

நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு பிலிப்பீன்ஸ். அங்கே பேரங்காடிப் பெண்களும் தொழிற்சங்கமும் எடுத்துச் சொன்னதன் பேரில், 2017-ல் தொழிலாளர் துறை 178ஆம் எண் ஆணையை வெளியிட்டது. ஓர் அங்குலத்துக்கு மேல் குதி அணியும்படி எந்த முதலாளியும் கட்டாயப்படுத்தக் கூடாது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே ஓய்வும் உட்கார இருக்கையும் தர வேண்டும். நம்மைப் போலவே வெயில், நம்மைப் போலவே பேரங்காடி, நம்மைப் போலவே சுற்றுலாவை நம்பியிருக்கும் நாடு அது.

லெபோ பாசாரிலும் பினாங்குத் தெருவிலும் துணிக்கடையும் நகைக்கடையும் வைத்திருக்கும் நம்மவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கடைகளில் குதிச் சப்பாத்துக் கட்டாயம் இல்லை. பாதிப் பேர் சிலிப்பரோடுதான் நிற்கிறார்கள். ஆனால் உட்கார முடியாது. சேலையை விரித்து, மடித்து, விரித்து, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தி.நகர்க் கடைகளின் இந்த நிலைமையை 2010-ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் ஊருக்கெல்லாம் காட்டியது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் விஜி என்பவரின் தலைமையில் போராடியதன் விளைவாக, 2018-ல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் கடைகள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. நீங்கள் சரக்கு எடுக்கப் போகும் ஊர்களில் நடந்த மாற்றம் இது. அங்கிருந்து புதுச் சேலை ரகம் கொண்டுவருகிற நீங்கள், ஒரு முக்காலி போடும் பழக்கத்தையும் கொண்டுவரலாம்.

நம் நாட்டுச் சட்டம் இதில் ஊமையாக இல்லை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், ஊழியரின் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. 2024 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் அந்தச் சட்டத்தை ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரித்தன. ஆபத்துகளை மதிப்பிட வேண்டும் என்கின்றன. 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கச் சொல்கின்றன. நின்று செய்யும் வேலைக்கென்றே வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2002-ல் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஒருங்கிணைப்பாளர் தீயணைப்பானையும் மின்கம்பியையும் சரிபார்க்கும்போது, எங்கள் கால்களையும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டிய காரியம் அல்ல இது.

செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவீர்கள். போடுங்கள். சப்பாத்து விதியில் ஒரு வரியை அடிப்பதற்குக் காசு இல்லை. சீருடை விளிம்பை மடித்துத் தைக்கத் தையற்காரருக்குக் கொடுப்பது சில வெள்ளி. முகப்புக்குப் பின்னால் விரிக்க ஒரு கனத்த ரப்பர் பாய். கால்வலிக்காக எம்.சி. எடுத்த பெண்ணுக்குப் பதிலாக வேறொருத்திக்கு நீங்கள் கொடுக்கும் ஓவர்டைமோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை கற்றுக்கொண்ட பெண்கள் கால் தாங்காமல் விலகிப் போன பிறகு, புதிதாக ஒருத்திக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வேண்டுகோள் இதுதான். குதி இத்தனை அங்குலம் என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'வழுக்காத, காலுக்குப் பொருத்தமான கறுப்புச் சப்பாத்து; உயரம் ஊழியரின் விருப்பம்' என்று எழுதுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதுங்கள். மேற்பார்வையாளர் மாறினாலும் எழுத்து நிற்கும். மருத்துவர் கடிதம் கேட்காதீர்கள். குதியிலிருந்து இறங்குகிற பெண்ணுக்குச் சில மாதம் அவகாசம் கொடுங்கள். ஒருநாள் தட்டை, ஒருநாள் தாழ்ந்த குதி என்று மாற்றி மாற்றிப் போட்டாள் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். முதல் வாரங்களில் அவள் கொஞ்சம் தடுமாறுவாள், கெண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்துவிட்டு 'பழைய சப்பாத்தே உனக்கு நல்லது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சீருடையை அவள் உயரத்துக்குத் தைத்துக் கொடுங்கள். முகப்புக்குப் பின்னால் ஓர் உயர்ந்த முக்காலி போட்டு, விருந்தினர் இல்லாத நேரத்தில் உட்காரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள்.

அடுத்த மாதத்து ஷிப்ட் அட்டவணையை ஒட்டும்போது, அதற்குப் பக்கத்திலேயே இந்தப் புது விதியையும் நான்கு மொழிகளிலும் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முகப்பில் நிற்கும் ஒருத்தி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு